இருநூற்றுப் பதினொரு கொத்து

ஒரு காட்டில் ஒரு வெளிமான் இருந்தாள். இருந்தாள் என்பது பேச்சுக்குச் சொல்வது. அவள் ஓர் இடத்தில் இருந்ததை அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை, எந்நேரமும் ஓட்டம்தான். பெயர் பொன்னரளி.

காட்டின் நடுவே ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு மருத மரம். மருத மரத்தின் வேரில் தொடங்கி, ஏரி இடது கைப்பக்கம் இருக்கும்படி இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே வேருக்கு வந்து சேர்ந்தால் அதற்கு நடுத்தூர ஓட்டம் என்று பெயர். சிறுத்தைகளின் குறுந்தூரத்தை அந்தக் காட்டில் ஒருவரும் மதிப்பதில்லை. வாய்க்குள் போட்ட நாவல் பழத்தை மெல்வதற்குள் முடிந்துபோகும் ஒன்றை எப்படி மதிப்பது? செந்நாய்களின் நெடுந்தூரமும் அப்படித்தான். ஓடப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் குட்டி பிறந்து, அது நடக்கவும் ஆரம்பித்துவிடும். நடுத்தூரம்தான் அளவானது. உட்கார்ந்து பார்க்கலாம், கத்தலாம், முடிந்த பிறகு வருஷம் முழுக்கச் சண்டை போடலாம்.

நேரம் பார்க்க மரங்கொத்தி. ஓடுகிறவரின் குளம்பு வேரைத் தாண்டியதும் மரத்தில் கொத்தத் தொடங்கும். திரும்பி வந்து தாண்டியதும் நிறுத்தும். எத்தனை கொத்தோ அத்தனை நேரம். குறைவாக இருந்தால் வேகம். பொன்னரளியின் சாதனை இருநூற்றுப் பதினான்கு கொத்து. காட்டில் பிறந்த எந்தக் காலும் அதைத் தொட்டதில்லை.

காட்டில் பிறக்காத கால் ஒன்று இருந்தது. அதன் சாதனை இருநூற்றுப் பதினொன்று.

அது கர்னலின் கால். டவுன் பந்தய மைதானத்திலிருந்து ஒரு நாள் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் வந்து சேர்ந்த குதிரை அவர். நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நடையில் ஒரு மிடுக்கு, நான்கு காலிலும் இரும்பு லாடம். லாடத்தைப் பார்த்ததுமே காட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் ஓடும்போது முன்னால் நான்கு முயல்கள் வேகம் பிடித்துக் கொடுக்க ஓடும். அரைச் சுற்றுக்கு ஒரு முயல் என்று கணக்கு. முடிந்ததும் முயல் ஓரமாகப் புதருக்குள் விழுந்து மூச்சு வாங்கும். பொன்னரளிக்கு முயல் கிடையாது. அவளுக்கு முன்னால் ஓடச் சொன்னால் முயல்கள் பயந்து வேறு பக்கம் ஓடின.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மருத மரத்தில் மரங்கொத்திகள் இரண்டு. மூத்தவர் வேலப்பர், இளையவன் கொளஞ்சி. வேலப்பர் இருபது கொத்துக்கு ஒரு தடவை நிறுத்தி அலகைத் துடைத்துக்கொள்வார், அக்கம்பக்கம் பார்ப்பார், பிறகு அடுத்த கொத்து. கொளஞ்சி தையல் மிஷின் மாதிரி. கர்னல் ஓடுகிற நாட்களிலெல்லாம் வேலப்பர் கொத்தினார். பொன்னரளி ஓடுகிற நாட்களிலெல்லாம் கொளஞ்சி கொத்தினான். காட்டில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. கொத்து என்றால் கொத்துதான், அதில் உன் கொத்து என் கொத்து என்று உண்டா என்று இருந்துவிட்டார்கள்.

உறைத்தது பொன்னரளி ஒருத்திக்குத்தான். அவள் சொன்னால் தோற்றவளின் புலம்பல் என்றார்கள். கர்னலிடம் தோற்றதே இல்லையே, சேர்ந்து ஓடினால்தானே தோற்க முடியும் என்றால், அதுவும் புலம்பல்தான் என்றார்கள்.

ஆம், இருவரும் ஒரு தடவைகூடச் சேர்ந்து ஓடியதில்லை. ஏழு வருஷமாக ஒரே காடு, ஒரே ஏரி, ஒரே மரம். அவள் கார்த்திகைச் சேற்றில் ஓடுவாள். அவர் தை மாதக் காய்ந்த தரையில் ஓடுவார். மீதி நாளெல்லாம் காடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஒப்பிடுவதற்கென்றே ஒரு கமிட்டி இருந்தது. தலைவர் மாசிலாமணி என்ற எருமை. வாழ்நாளில் அவர் ஓடியதே இல்லை. அதனால் பாரபட்சம் இருக்காது என்று அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செயலாளர் தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி. எழுதுகோலுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எழுதிவிடுவார். வருஷா வருஷம் மாசி மாதத்தில் கமிட்டி மருத மரத்தடியில் கூடி இரண்டு பேரின் சாதனைகளையும் ஒப்பிட்டு, ஒருவரைக் 'காட்டின் முதல் கால்' என்று அறிவிக்க வேண்டும். ஏழு வருஷமாகக் கூடினார்கள். ஏழு வருஷமும் மேலும் ஒப்பிட வேண்டியிருக்கிறது என்று அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள்.

காடு இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பொன்னரளி பதினெட்டு ஓட்டத்தில் பதினேழு ஜெயித்தவள் என்றது ஒரு கட்சி. கர்னல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றது மறு கட்சி. அந்தப் பன்னிரண்டில் அவரோடு ஓடியது யார், இரண்டு ஆமையும் ஒரு கர்ப்பிணி முயலும்தானே என்றது முதல் கட்சி. அவள் தோற்ற ஒன்றில் அவளை ஜெயித்தது யார், ஒரு காட்டுப்பன்றிதானே என்றது மறு கட்சி. அன்று அவளுக்குக் காலில் முள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு மைனா ஜோடி இந்த விவகாரத்தில் பேச்சுவார்த்தையை நிறுத்தி, ஒரே கூட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியது.

பொன்னரளிக்கு எட்டு வயது. வெளிமானுக்கு எட்டு வயது என்றால் முழங்கால் காலையில் எழுந்ததும் தானாகப் பேச ஆரம்பிக்கும் வயது. பட்டம் கிடைக்காவிட்டால் போகிறது. அவர் பக்கத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட வேண்டும். யார் வேகம் என்று தெரியாமலே கால் ஓய்ந்துவிட்டால் செத்த பிறகும் தூக்கம் வராது என்று நினைத்தாள். அந்த வருஷம் மாசி பிறப்பதற்கு முன்பே தணிகாசலத்தின் வளைக்குப் போய் வரிசையில் நின்றாள்.

வரிசை மூன்று நாள். அவளுக்கு முன்னால் ஒரு சாரைப்பாம்பு. அடையாள அட்டை வாங்கப் படம் எடுத்துக் கொடுத்திருந்தது. அட்டை வருவதற்குள் தோலை உரித்துவிட்டது. "படத்துல இருக்கிறது நீங்கதானா?" என்று தணிகாசலம் கேட்க, "அந்தத் தோலைக் கையோட கொண்டாந்திருக்கேன் சார்" என்று பாம்பு காட்டியது. "அப்போ அதுக்குத்தான் அட்டை தர முடியும்" என்று சொல்லி, தோலுக்கு அட்டை கொடுத்து அனுப்பினார்.

"உனக்கு என்னம்மா?" என்றார் பொன்னரளியிடம்.

"கர்னலும் நானும் ஒரே நாள்ல சேர்ந்து ஓடணும் சார்."

"படிவம் ஆறு." இலையை எடுத்து நீட்டினார். "ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். அவர் கையெழுத்துக்கு மேல, 'எனக்குத் தொடைப் பிடிப்பு இல்லை'ன்னு ஒரு உறுதிமொழி இருக்கு பாரு, அதையும் போடச் சொல்லு."

"அவர் ஏழு வருஷமா தொடைப் பிடிப்புன்னுதான் சொல்றாரு சார்."

"அப்போ ஏழு வருஷமா படிவம் நிறையலை. நான் என்னம்மா பண்ண முடியும்?"

அருகில் அசை போட்டுக்கொண்டிருந்த மாசிலாமணி தலையைத் தூக்கினார். "ஏம்மா பொன்னரளி, ஒண்ணு யோசிச்சியா? நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஓடிட்டா ஒருத்தர் ஜெயிச்சிடுவாங்க."

"அதுக்குத்தானே தலைவரே கேக்குறேன்."

"ஜெயிச்சிட்டா அப்புறம் என்னத்தை ஒப்பிடறது? இந்தக் கமிட்டியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா? காடே சாயங்காலம் இங்க வந்து உக்காந்து பேசுது. சேர்ந்து ஓடிட்டா அன்னைக்கு ஒருநாள் கூத்து, மறுநாள் இந்த மரத்தடியில ஈ கூட இருக்காது. எருமை மேலயே இருக்காது."

அவள் படிவத்தை வாயில் கவ்விக்கொண்டு ஏரிக்குப் போனாள். கர்னல் தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இலையைக் கீழே வைத்தாள்.

"கர்னல், கமிட்டி வேணாம், கொத்து வேணாம், முயலும் வேணாம். நீங்களும் நானும் மட்டும். இப்பவே."

அவர் தலையைத் தூக்கவில்லை. தாகம் தீர்ந்த பிறகும் குடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நீ தோத்தா மானா இருப்பே. கூட்டத்தோட போவே, புல்லு மேய்வே. நான் தோத்தா என்னவா இருப்பேன்? டவுன்ல, ஓட்டத்துல தோத்த குதிரையை மறுநாளே வண்டியில பூட்டுவாங்க. என் அண்ணனைப் பூட்டினாங்க. கீரைக்கட்டு ஏத்திக்கிட்டு என் முன்னாலயே போனான், என்னைப் பார்க்காத மாதிரி போனான். அன்னைக்குத்தான் வேலியைத் தாண்டினேன்."

"இங்க வண்டியே கிடையாதே கர்னல்."

"தோத்த குதிரை ஒண்ணு இருந்தா வண்டி தானா வந்துரும்."

பொன்னரளிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று தன்மேல் கோபமும் வந்தது. "அப்போ தோப்போம்னு உங்களுக்கே தெரியுதா?"

"தெரியாது. அதான் பயமா இருக்கு."

"எனக்கும் தெரியாது. எனக்குத் தூக்கம்தான் வரலை," என்றாள். இலையை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். கர்னல் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றுவிட்டார். மூன்று நாள் வரிசை அப்படிக் கரைந்தது.

மாசி வந்தது. எட்டாவது வருஷக் கூட்டம். மருத மரத்தடியில் காடே கூடியிருந்தது. வழக்கப்படி இரண்டு ஓட்டக்காரர்களும் வேருக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவராக நிறுத்தப்பட்டார்கள். ஒப்பிடும்போது கண்ணெதிரில் இருந்தால் வசதி. தணிகாசலம் பட்டியலை விரித்து வாசித்தார். சராசரி, சேற்றுக்குத் தள்ளுபடி, லாடத்துக்கு அபராதம், முயலுக்கு அபராதம், வயதுக்குச் சலுகை. "இதையெல்லாம் கூட்டிக் கழிச்சுப் பார்த்தா," என்று கண்ணைச் சுருக்கினார், "பொன்னரளிக்கு ரெண்டரை குதிரை பலம், கர்னலுக்கு ஒண்ணேகால் மான் பலம்."

"அப்போ யாருங்க முதல்?" என்று கூட்டத்திலிருந்து ஒரு கீரி கத்தியது.

"அதை இப்போ பார்ப்போம்," என்று மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

அப்போது புதர் விலகி ஒரு புலி வந்தது.

இந்தப் புலி வெளியூர்ப் புலி. இரண்டு நாள் பட்டினி. அதற்கு ஒப்பீடு, கமிட்டி, கட்சி எதுவும் தெரியாது. கூட்டம் ஒரே நொடியில் மரத்தில் ஏறியது, வளைக்குள் பாய்ந்தது, ஏரியில் குதித்தது. மாசிலாமணி தண்ணீருக்குள் மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்துகொண்டார். வேர் அருகே நின்ற இரண்டு பேரும் மட்டும் ஓடினார்கள்.

இங்கேதான் அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். நடுத்தூர ஓட்டக்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய தவறு. சாதாரண மானாக இருந்தால் நேராகக் காட்டைப் பார்க்க ஓடியிருக்கும். சாதாரணக் குதிரை மேட்டைப் பார்க்க ஓடியிருக்கும். இவர்களுக்கோ அந்த வேரிலிருந்து கிளம்பினால் கால் தானாக இடது பக்கம் திரும்பும். திரும்பியது. இரண்டு பேரும் ஏரியைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

வேர் தாண்டப்பட்டதும் வேலப்பரும் கொளஞ்சியும் பழக்க தோஷத்தில் கொத்தவும் ஆரம்பித்தார்கள்.

புலி கால் சுற்று துரத்தியது. பிறகு நின்று யோசித்தது. இரண்டும் வட்டமாக ஓடுகின்றன, தூசி கிளம்பி எதிர்க்கரையில் போய்க்கொண்டிருக்கிறது. அது வந்த வழியே திரும்பி நடந்து, மருத மரத்தின் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. முதல் சுற்று முடிந்து இருவரும் மரத்தைக் கடந்தபோது அது எழுந்திருக்கக்கூட இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை வருவார்கள் என்று அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது.

பொன்னரளி புலியை மறந்துபோனாள். உண்மையாகவே மறந்துபோனாள். காரணம், அவள் வலது தோளுக்குப் பக்கத்தில் கர்னலின் தோள் இருந்தது. ஏழு வருஷமாகக் கேட்க ஏங்கிய மூச்சுச் சத்தம் காதருகில் கேட்டது. லாடம் நாலும் தரையில் விழும் தாளத்துக்கு அவள் குளம்பு விழுந்தது. முழங்கால் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் சுற்றின் எதிர்க்கரையில் அவர் கழுத்தளவு முன்னேறினார்; நாணல் முடியும் இடத்தில் அவள் சமன் செய்தாள். அவர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை. சிரிப்பு இருந்தது என்று அவள் பின்னால் சத்தியம் செய்தாள். அவளும் சிரித்தாள். இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

கடைசி வளைவில் அவள் முன்னே வந்தாள். மூக்களவு, பிறகு கழுத்தளவு. அவரிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. அவளிடம் இன்னும் இருந்தது. தெரிந்துவிட்டது, இதோ தெரிந்துவிட்டது என்று அவள் மனசு கூவியது.

வளைவு நேரானது. வேரின் மேல் புலி உட்கார்ந்திருந்தது.

அவள் குளம்பை ஊன்றி இடது பக்கம் சறுக்கினாள். "கர்னல், புலி!" என்று கத்தவும் கத்தினாள். ஆனால் கடைசி நேரத்தில் முன்னால் போகிறவர் சட்டென்று பின்தங்கினால், பந்தயம் ஓடிப் பழகிய குதிரைக்கு ஒன்றே ஒன்றுதான் புரியும். கர்னல் கழுத்தை நீட்டினார், கண்ணை மூடிக்கொண்டார், வாழ்நாளிலேயே அழகான பாய்ச்சலாகப் பாய்ந்து வேரைத் தாண்டினார்.

மரங்கொத்திகள் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கர்னலும் நின்றுபோனார்.

புலி வயிறு நிறைந்து போன பிறகு கமிட்டி தண்ணீரிலிருந்தும் வளையிலிருந்தும் வெளியே வந்தது. முதல் வேலையாகக் கொத்தைக் கேட்டது. ஒரே ஓட்டத்துக்கு வேலப்பரின் கணக்கு நூற்றுத் தொண்ணூற்று ஐந்து, கொளஞ்சியின் கணக்கு இருநூற்று ஐந்து. தணிகாசலம் ஒரு நிமிஷம்கூடக் குழம்பவில்லை. கர்னலுக்கு எப்போதும் வேலப்பர், பொன்னரளிக்கு எப்போதும் கொளஞ்சி. ஆகவே கர்னல் நூற்றுத் தொண்ணூற்று ஐந்து, பொன்னரளி இருநூற்று ஐந்து. பத்துக் கொத்து வித்தியாசத்தில் கர்னல் அபார வெற்றி. நேருக்கு நேர்: கர்னல் ஒன்று, பொன்னரளி பூஜ்யம்.

மிச்சமிருந்த நாலு லாடத்தையும் மருத மரத்தில் தொங்கவிட்டார்கள். 'காட்டின் முதல் கால், தோல்வியே காணாதவர்' என்று பட்டையில் பொறித்தார்கள். பொன்னரளி கட்சியில் இருந்தவர்கள்கூட இரங்கல் கூட்டத்தில் கட்சி மாறினார்கள். மைனா ஜோடி ஒன்று சேர்ந்தது.

பார்க்கிறவர்களெல்லாம் அவளைத் தேற்றினார்கள். "பரவாயில்லம்மா, ரெண்டாவது இடமும் நல்ல இடம்தான்."

"நான்தான் முன்னால வந்தேன். புலி இருந்துச்சு, அதான் நின்னேன்."

"கர்னலுக்கும்தான் புலி இருந்துச்சு. அவர் நின்னாரா?"

உயிரோடு இருப்பது அந்தக் காட்டில் ஒரு சாக்காக மாறிவிட்டது. அவள் புல்லைக் கடித்தாள், ருசிக்கவில்லை. கர்னல் செத்ததற்கு அழுதாள். அந்த அழுகையின் நடுவிலேயே கழுத்தளவு முன்னால் இருந்தேனே என்றும் அழுதாள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பதினோராம் நாள் வரிசையில் போய் நின்றாள்.

"படிவம் பதினேழு. முடிவை மறுபரிசீலனை பண்றதுக்கு," என்றார் தணிகாசலம். "எல்லைக் கோட்டுல நின்னு பார்த்த சாட்சி ஒருத்தர் கையெழுத்து வேணும்."

"கோட்டுல நின்னது புலி மட்டும்தானே சார்."

"அப்போ புலி கையெழுத்து. தேதியோட."

வேறு யாராக இருந்தாலும் இலையைக் கிழித்துப் போட்டுவிட்டு மேயப் போயிருப்பார்கள். ஓட்டக்காரியாச்சே. இலையைக் கவ்விக்கொண்டு போனாள்.

புலி பாறை நிழலில் படுத்திருந்தது. குதிரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. தானாக நடந்து வரும் மானைப் பார்த்ததும் கனவோ என்று கண்ணைக் கசக்கியது.

"நில்லுங்க," என்றாள் பொன்னரளி, இருபது அடி தள்ளி நின்றுகொண்டு. "ஒரு கையெழுத்து வேணும். அன்னைக்கு மரத்துக்கிட்ட வந்தப்போ யார் முன்னால வந்தது?"

"நான் யார் முன்னாலன்னா பார்த்தேன்? யார் கொழுப்புன்னு பார்த்தேன்."

"கழுத்தளவு நான் முன்னால இருந்தேன். அது மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க."

புலி முகவாயைச் சொறிந்தது. அதற்கு ஒரு நேர்மை இருந்தது, காட்டில் அதிகாரத்தில் இல்லாதவர்களுக்கு இருக்கும் நேர்மை. "இத பாரும்மா. குதிரையைச் சாப்பிட்டேன். உன்னைச் சாப்பிடலை. ஒருத்தரை மட்டும் வச்சுக்கிட்டு எப்படி ஒப்பிடறது? நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்போ இன்னொரு தடவை ஓடுறேன். பாருங்க. பார்த்துட்டுப் போடுங்க."

"எங்க முடிப்பே?"

"அதே வேர்லதான்."

"நான் எங்க உக்காரணும்?"

அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. "எங்க வேணா உக்காருங்க," என்றாள்.

செய்தி பரவிக் காடே மரக்கிளைகளில் ஏறிக்கொண்டது. புலி வேரின் மேல் போய் உட்கார்ந்தது. அதன் வாலை மிதிக்காமல் பொன்னரளி பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்துவிட்டு, கிளம்பினாள். மேலே இரண்டு அலகும் சேர்ந்து கொத்தத் தொடங்கின.

வலது தோளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அவள் இடம் விட்டே ஓடினாள். எதிர்க்கரையில் அன்றுபோலவே அவர் முன்னேறினார். நாணல் முடியும் இடத்தில் அன்றுபோலவே அவள் சமன் செய்தாள். முதல் சுற்றில் புலி அவளைப் போக விட்டது. அது பழைய அனுபவம் கொடுத்த பொறுமை. இரண்டாம் சுற்றின் கடைசி வளைவு வந்தது. நேரானது. புலி எழுந்து நின்று உடம்பைக் குறுக்கியது.

நின்றுவிட்டால் உயிர். தாண்டினால் சாதனை. அவள் குளம்பு ஒரு நொடி ஊன்றப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது, எட்டு வருஷ ஓட்டத்தில் ஒரு தடவைகூடத் தோன்றாதது. வேர் வரைக்கும்தானே ஓடுகிறோம், வேர் வந்ததும் வேகத்தைக் குறைத்து விடுகிறோமே, ஏன்? அதற்கு அந்தப் பக்கமும் தரைதானே இருக்கிறது?

அவள் குறைக்கவில்லை. புலி பாய்ந்தது, அவளும் பாய்ந்தாள். புலியின் கணக்கு வேரில் நின்றுவிடும் மானுக்கான கணக்கு. அது தரையில் விழுந்தபோது அதன் நகத்தில் கொஞ்சம் வால்முடி மட்டும் இருந்தது. பொன்னரளி வேரைத் தாண்டி, கமிட்டி உட்காரும் இடத்தைத் தாண்டி, தணிகாசலத்தின் வளையைத் தாண்டி, முதல் தடவையாக இடது பக்கம் திரும்பாமல் நேராகப் போனாள். மரங்களுக்குப் பின்னால் தூசி கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கொளஞ்சியின் கணக்கு நூற்றுத் தொண்ணூற்று ஆறு. வேலப்பரின் கணக்கு நூற்று எண்பத்து ஏழு. எந்தக் கொத்தில் பார்த்தாலும் அந்தக் காடு அதுவரை கண்டிராத வேகம்.

"செல்லாது," என்றார் தணிகாசலம், வளைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி. "ஓடி முடிச்சவங்க திரும்பி வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போடணும். போடலை. அதோட முன்னால புலி, வெளியாள் உதவி."

மாசிலாமணி புலியைப் பார்த்து, தண்ணீருக்குள் இருந்தபடியே, மரியாதையாகக் கேட்டார். "ஐயா, நீங்கதான் ரெண்டு பேரையும் கிட்டத்துல பார்த்தவர். உங்க அபிப்பிராயம்?"

புலி குதிரையை நினைத்துக்கொண்டது. பிறகு நகத்திலிருந்த வால்முடியை நக்கிப் பார்த்தது. "குதிரைதாங்க," என்று மனப்பூர்வமாகச் சொன்னது. அன்றே கமிட்டியில் நிபுணர் இடத்துக்கு அதை ஏகமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள். எதிர்த்து ஓட்டுப் போட நினைத்த கீரியை அதன்பின் காணவில்லை.

மூன்று காடு தள்ளி, ஏரியே இல்லாத ஒரு புல்வெளியில், வாலில் முடி குறைந்த ஒரு கிழ வெளிமான் காலையில் எழுந்ததும் நேராக ஓடிப் போகிறாளாம், களைத்தால் நின்று மேய்கிறாளாம். எத்தனை கொத்து என்று அங்கே யாரும் கேட்பதில்லையாம். வலது பக்கம் மட்டும் ஒரு ஆள் ஓடும் அளவுக்கு இடம் விட்டே ஓடுகிறாளாம். இதுவும் பதிவேட்டில் இல்லை.

நீதி: வரலாற்றில் முதலிடம் வேண்டுமென்றால் புலிக்கு முதலில் கிடைக்க வேண்டும், உயிர் வேண்டுமென்றால் கையெழுத்துப் போட நிற்காமல் ஓடிவிட வேண்டும். இரண்டும் வேண்டும் என்பவர்களுக்குத் தணிகாசலத்தின் வளையில் தனிப் படிவம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவும்.